மஞ்சப்பையிலிருந்து தொடங்குங்கள்: சுகர், பிபி உள்ள பெரியவர்களுக்கு வெளிநாட்டுப் பயணக் காப்பீடு எடுக்கும் முறை

கும்பகோணத்தில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. சம்பா அறுவடை முடிந்து நெல் போட்ட பணம் கைக்கு வந்ததும், மாசி பங்குனியில் பெரியவர்கள் கிளம்ப ஆரம்பிப்பார்கள். மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா, பேரனைப் பார்க்க சிங்கப்பூர், தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குக் கோலாலம்பூர். விசா, டிக்கெட், பருப்புப் பொடி, வடாம் எல்லாம் தயாரான பிறகு, கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் வந்து, "அந்த இன்சூரன்ஸையும் ஒண்ணு போட்டு விட்டுடு தம்பி" என்பார்கள்.

நானும் அப்படிப் போட்டு விட்டவன்தான். என் அத்தை அமெரிக்கா போனபோது ஃபார்மை நிரப்பியது நான். அத்தை பன்னிரண்டு வருஷமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். "இப்பதான் நார்மலா இருக்கே" என்றார். நானும் 'ஏற்கெனவே நோய் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று அழுத்திவிட்டேன். அங்கே போய் மூன்றாம் மாதம், ஒரு நடுராத்திரியில் மூச்சு வாங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நர்ஸ் கேட்டபோது அத்தை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்: பன்னிரண்டு வருஷமாக பிபி. அது கேஸ் ஷீட்டில் ஏறியது. கம்பெனி அந்த கேஸ் ஷீட்டை வரவழைத்துப் பார்த்து, கிளெய்ம் இல்லை என்று எழுதிவிட்டது.

ஆஸ்பத்திரியில் யாரும் பொய் சொல்வதில்லை, ஃபார்மில்தான் சொல்கிறோம். அதனால்தான் கீழே வரும் வரிசையில் எந்தக் கம்பெனி என்ற கேள்வி பின்னால் வருகிறது, உங்கள் உடம்பைப் பற்றிய தாள்கள் முன்னால் வருகின்றன. காப்பீட்டில் எனக்குக் கமிஷன் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1. நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். வயலில் தண்ணீர் நின்ற பிறகு பயிர்க் காப்பீடு போட முடியாது. சிட்டா, அடங்கல் என்ற நிலத் தாள்கள் எல்லாம் கையில் இருந்தால்தான் தேதிக்குள் போட முடியும். சர்வே எண்ணில் ஒரு இலக்கம் மாறினாலும் பணம் நின்றுபோகும். பயணக் காப்பீடும் இதே கதைதான்.

நான்கு மாதம் எதற்கு என்று கேட்பார்கள். சில பாலிசிகளில், முக்கியமாகக் கனடாப் பக்கம் விற்பவற்றில், உங்கள் நோய் குறிப்பிட்ட நாளாக 'நிலையாக' இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. 90 நாள், 180 நாள் என்று பாலிசிக்குப் பாலிசி மாறும். 180 நாள் கேட்கும் பாலிசி என்றால் நான்கு மாதமும் போதாது, ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் மாத்திரையின் அளவை மாற்றினாலே 'நிலையாக இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் பாலிசிகள் இருக்கின்றன. ஊருக்குப் போகும் வாரத்தில் டாக்டரைப் பார்த்து, அவர் நல்லதற்காகவே ஒரு மாத்திரையைக் கூட்டி எழுத, அதுவே வினையாகும். டாக்டரைப் பார்ப்பதை முன்னால் தள்ளினால் இந்தத் தொல்லை இல்லை.

2. கையில் இருக்கும் காப்பீடு அங்கே செல்லுமா என்று பாருங்கள்

பெரும்பாலும் செல்லாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, 70 வயதானவர்களுக்கான ஆயுஷ்மான் அட்டை எல்லாம் இங்கே பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்குத்தான். பென்ஷன்காரர்களின் மருத்துவக் காப்பீடும், நீங்களே பிரீமியம் கட்டும் மெடிகிளெய்மும் சாதாரணமாக இந்திய எல்லைக்குள் நிற்பவை. வெளிநாட்டுச் சிகிச்சை உண்டு என்று உங்கள் மெடிகிளெய்மில் எழுத்தில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் எமிகிரேஷனுக்காக எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா வேறு. அது தொழிலாளிக்கானது, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். பார்த்துவிட்டு வரப்போகும் அப்பா அம்மாவுக்கு அது கிடையாது.

காசி போகிறவர்கள் ரயில் டிக்கெட்டோடு 45 காசுக்கு எடுக்கும் காப்பீடும் ரயில் விபத்துக்கு மட்டும்தான். வண்டியில் சுகர் இறங்கி மயங்கினால் அதில் காசு வராது. ஆனாலும் எடுங்கள், பிறகு வரும் லிங்கில் வாரிசு பெயரையும் நிரப்புங்கள். முக்கால்வாசிப் பேர் அதைத் திறப்பதே இல்லை.

3. மஞ்சப்பையைக் கொட்டி அடுக்குங்கள்

எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரு மஞ்சப்பை இருக்கும். பத்து வருஷ ரத்தப் பரிசோதனைச் சீட்டு, மடித்து மடித்துக் கிழிந்த ஈசிஜி, ஸ்கேன் உறை, எந்த டாக்டர் எழுதியது என்றே தெரியாத ப்ரிஸ்கிரிப்ஷன். அதைத் தரையில் கொட்டி, வருஷ வாரியாக அடுக்குங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். போகட்டும்.

அடுக்கி முடித்ததும் ஒரே தாளில் இவற்றை எழுதுங்கள். எந்த நோய், எந்த வருஷம் கண்டுபிடித்தார்கள்? எந்த ஆஸ்பத்திரியில் எப்போது படுத்தீர்கள்? என்ன ஆபரேஷன்? ஸ்டென்ட் (அடைத்த இதய ரத்தக் குழாயில் வைக்கும் சின்னக் குழல்) என்றால் எந்தத் தேதி, எத்தனை? ஸ்டென்ட் வைத்த அன்று ஒரு சின்ன அட்டை கொடுத்திருப்பார்கள், அதைத் தேடி எடுங்கள். வருஷம் ஏன் முக்கியம் என்றால், 'ஏற்கெனவே உள்ள நோய்' என்பதைப் பாலிசிகள் மாதக் கணக்கில் வரையறுக்கின்றன. பாலிசி தொடங்குவதற்கு முன் இத்தனை மாதத்துக்குள் கண்டறியப்பட்டது, அல்லது சிகிச்சையோ ஆலோசனையோ பெற்றது என்று இருக்கும். இந்திய மருத்துவக் காப்பீட்டில் இது இப்போது 36 மாதம். பயணப் பாலிசியில் வேறு எண் இருக்கலாம், படித்துப் பாருங்கள்.

மாத்திரைகள் தனிக் கதை. ஒரு பெரியவர் கடைக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். உள்ளே ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்த அட்டைத் துண்டுகள். பெயர் இருந்த ஓரம் எல்லாம் வெட்டில் போய்விட்டது. "வெள்ளை காலையில, ரோஸ் ராத்திரி" என்றார். காப்பீட்டு ஃபார்மில் ரோஸ் என்று எழுத முடியாது. மருந்துக்கடையில் முழு அட்டையாக வாங்கி, வர்த்தகப் பெயரோடு மூலப்பெயரையும், அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும், எழுதிக்கொள்ளுங்கள். நம் ஊர் வர்த்தகப் பெயர் நியூஜெர்சி டாக்டருக்குத் தெரியாது, மெட்ஃபார்மின் 500 என்றால் எங்கேயும் தெரியும்.

இங்கே நான் அடிக்கடி கேட்கும் மூன்று வசனங்கள்: "சுகரெல்லாம் இல்லைங்க, சும்மா பார்டர்லைன்தான்." "ஊசி போடலை, மாத்திரை மட்டும்தான்." "பிபி இப்ப நார்மல்." மாத்திரை சாப்பிட்டு நார்மலாக இருந்தால் அது நோய் கட்டுக்குள் இருப்பது, நோய் இல்லாதது அல்ல. தாளில் எழுதுங்கள்.

4. டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்

சாயங்கால கிளினிக்கில் அறுபதாவது டோக்கனாக உட்கார்ந்திருக்கும்போது, "ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க டாக்டர்" என்றால் இரண்டு வரிதான் கிடைக்கும். நீங்களே வரைவு அடித்துக்கொண்டு போங்கள். நோய், வருஷம், மாத்திரையின் மூலப்பெயர், அளவு, சமீபத்திய பிபி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இதய நோயாளி என்றால் எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, விமானத்தில் போகலாமா. டாக்டர் படித்துத் திருத்தி, முத்திரை குத்தினால் போதும். தேதி கட்டாயம் இருக்கட்டும்.

சர்க்கரை அளவில் ஒரு சின்ன விஷயம். நம் லேப் 126 என்று போடுவது சிங்கப்பூரில் 7 என்று வரும், அலகு வேறு. நம் எண்ணை 18-ஆல் வகுத்தால் அவர்கள் எண். கடிதத்தில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

"டெஸ்ட் எடுத்தா புதுசா எதையாவது கண்டுபிடிப்பாங்க, ஏன் தோண்டணும்?" என்று ஒரு மாமா கேட்டார். தோண்டாமல் போய் அங்கே கண்டுபிடித்தால் செலவு டாலரில். அதோடு, ஒரு பரிசோதனையோ ஆபரேஷனோ செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் எழுதியிருக்க, அதைத் தள்ளிவைத்துவிட்டுப் போனால், அது சம்பந்தமான கிளெய்முக்கு அநேகமாக எந்தப் பாலிசியும் பணம் தராது. டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொன்ன பிறகு போனாலும் அப்படியே.

5. நாட்டையும் நாளையும் உறுதி செய்யுங்கள்

எந்த நாடு என்பதைப் பொறுத்து கட்டாயம் மாறும். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும், ஷெங்கன் நாடுகள் முழுவதும், தங்கும் நாள் முழுவதும் செல்ல வேண்டும். பிள்ளைகளோடு நீண்ட நாள் தங்கப் போகும் பெற்றோருக்கான கனடா சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர், ஒரு வருஷத்துக்கு. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குக் கேட்பதில்லை. கேட்கவில்லை என்பதால் தேவையில்லை என்று அர்த்தமில்லை. ஆஸ்பத்திரிச் செலவு அதிகமான நாடுதான் கேட்காமல் விடுகிறது.

நாடு விஷயத்தில் பலர் தடுக்கி விழும் இடம் இது: பாலிசியில் சிங்கப்பூர் மட்டும் எழுதியிருப்பார்கள். போன இரண்டாம் வாரம் மகன் காரில் ஏற்றி மலாக்காவுக்குக் கூட்டிப் போவான். அது மலேசியா. போகக்கூடும் என்ற எல்லா நாட்டையும் முன்பே சேருங்கள். 'ஆசியா' என்று பொதுவாக எடுத்தால், ஜப்பான் நீங்கலாக என்று சில பாலிசிகளில் இருக்கும், அதையும் பாருங்கள்.

அப்புறம் தேதி. திருச்சியிலிருந்து நள்ளிரவுக்கு மேல் கிளம்பும் விமானங்கள் உண்டு. 15-ஆம் தேதி 1.30 மணி விமானத்துக்கு நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புவது 14-ஆம் தேதி இரவுச் சாப்பாடு முடித்து. ஒரு குடும்பம் இதை 15-ஆம் தேதி இரவு என்று நினைத்துப் பாலிசியை 16-லிருந்து எடுத்தது. கடையில் டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்ததால் தப்பித்தது. நான் 14-லிருந்தே போடச் சொல்வேன். ஒரு நாள் பிரீமியம் கூடினால் ஒரு டிபன் செலவு.

திரும்பும் பக்கம் இன்னும் தாராளமாக இருங்கள். பிரசவம் தள்ளிப்போகும், பேரன் விடமாட்டான். இந்தியாவில் விற்கும் ஒற்றைப் பயணப் பாலிசிகள் பெரும்பாலும் 180 நாள் வரை. அமெரிக்காவில் ஆறு மாதம் தங்க விடுவார்கள், ஆறு மாதம் என்பது 184 நாள் வரை வரலாம். கடைசி நாலு நாள் காப்பீடில்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நீட்டிப்பதானால் பாலிசி முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும், கிளெய்ம் செய்தவருக்கு நீட்டிப்பு பெரும்பாலும் கிடைக்காது.

6. பாலிசிக்குள் இந்த வரிகளைத் தேடிப் படியுங்கள்

விளம்பரத் தாளில் படிக்காதீர்கள். 'பாலிசி வேர்டிங்ஸ்' என்று ஒரு நீளமான கோப்பு இருக்கும், நாற்பது ஐம்பது பக்கம். முழுக்கப் படிக்க வேண்டாம், சில இடங்கள் போதும்.

முதலில், ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருகிறார்கள் என்பது. சுத்தமாக இல்லை என்பது ஒரு வகை. உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்கு மட்டும், அதுவும் நிலைமை சீராகும் வரை, ஒரு உச்சவரம்புக்குள் தருவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் அதிகம். உதாரணத்துக்கு, பாலிசியின் முன் அட்டையில் 1,00,000 டாலர் என்று இருக்கிறது, உள்ளே 'ஏற்கெனவே உள்ள நோய்க்கு 10,000 டாலர் வரை' என்று ஒரு வரி இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு நெஞ்சுவலி வந்தால் அவர் வாங்கியது பத்தாயிரம் டாலர் பாலிசிதான். அட்டையில் உள்ள எண் கால் முறிந்தவருக்கு. இரண்டு பாலிசிகளை ஒப்பிடும்போது இந்த உள் எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும்.

வழக்கமான பரிசோதனை, தீர்ந்துபோன மாத்திரை, தொடர் டயாலிசிஸ், கீமோ இதெல்லாம் பொதுவாக எந்த வகையிலும் சேராது. சிகிச்சைக்காகவே பயணம் போவதும் சேராது.

அடுத்தது டிடக்டிபிள். ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை. 100 டாலர் டிடக்டிபிள் இருக்கும் பாலிசியில், காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்த்து 80 டாலர் ஆனால் உங்களுக்கு வருவது பூஜ்யம். ஏமாற்றவில்லை, பாலிசியே அப்படித்தான்.

உள்வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான திட்டங்களில் அறை வாடகைக்கு நாளுக்கு இவ்வளவு, ஐசியூவுக்கு இவ்வளவு, சர்ஜனுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகக் கட்டுப்போட்டிருப்பார்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர் உள்வரம்பு இல்லாத திட்டத்தைத் தேடுவதே நல்லது, பிரீமியம் கூடுதலாகத்தான் வரும். 70 தாண்டியவர்களிடம் சில கம்பெனிகள் பரிசோதனை அறிக்கை கேட்கும். மஞ்சப்பை வேலை முடிந்திருந்தால் அதில் சிரமம் இல்லை.

கடைசியாக, பேசப் பிடிக்காத ஒன்று. நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவும், இறந்துபோனால் உடலைக் கொண்டுவரும் செலவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "கிளம்பும்போது அபசகுனமா பேசாதே" என்பார்கள். நான் அந்தப் பக்கத்தை மட்டும் மகனிடமோ மருமகனிடமோ தனியாகக் காட்டிவிடுவேன்.

சாமான் தொலைவது, விமானம் தாமதமாவது பற்றியெல்லாம் எல்லாப் பாலிசியிலும் ஏதோ ஒன்று இருக்கும். அதை வைத்துப் பாலிசியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

7. இங்கே வாங்குவதா, அங்கே வாங்குவதா

சிங்கப்பூர், மலேசியா, துபாய்க்கு இங்கேயே வாங்குவது எளிது. ரூபாயில் கட்டலாம், தகராறு வந்தாலும் இங்கே பேசலாம். ஆனால் இந்தியப் பாலிசியை இந்தியாவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு ஞாபகம் வந்தால் பொதுவாக முடியாது.

அமெரிக்காவுக்கு, அதுவும் 65 தாண்டி, சுகரோ இதய நோயோ இருந்தால், மகனோ மகளோ அங்கே விற்கும் விசிட்டர் காப்பீட்டையும் பார்க்கட்டும். அதில் இரண்டு வகை. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று விலை குறித்தது ஒன்று. மொத்தச் செலவில் விகிதமாகத் தருவது இன்னொன்று. முதல் வகை மலிவு, பில் வரும்போதுதான் அதன் விலை தெரியும். என்னைக் கேட்டால் இரண்டாவதை எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 'அக்யூட் ஆன்செட்' என்று ஒரு சொல் அங்கே வரும். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் திடீரென முற்றி, உடனே, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள், சிகிச்சைக்குப் போனால் மட்டும் என்று பொருள். இரண்டு நாள் கஷாயம் வைத்துப் பார்த்துவிட்டுப் போனால் அது அக்யூட் ஆன்செட் இல்லை. வயது வரம்பும் உண்டு.

விமான டிக்கெட் போடும்போது கீழே ஒரு கட்டம் வரும், டிக் அடித்தால் சில நூறு ரூபாயில் காப்பீடு. உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காது. கேள்வி கேட்காத காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு இடம் இருக்குமா என்று உள்ளே போய்ப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

8. ஃபார்மை உங்கள் கையால் நிரப்புங்கள்

இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது. ஏஜெண்ட், டிக்கெட் கடைக்காரர், அவசரத்தில் இருக்கும் பேரன் யாரிடமும் விட வேண்டாம். அவர்கள் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுவார்கள், ஏனென்றால் 'ஆம்' போட்டால் அடுத்த பக்கம் திறக்கும், பிரீமியமும் ஏறும். போனில் பாலிசி விற்பவர் வாய்மொழியாக, "சுகரெல்லாம் போட வேண்டாம் சார், எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்று சொல்லலாம். அவர் சொன்னதற்குச் சாட்சி இல்லை. நீங்கள் சமர்ப்பித்த ஃபார்ம் இருக்கிறது.

மூன்றாம் படியில் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நோயாக நிரப்புங்கள். கட்டத்தில் இடம் இல்லை என்றால் கம்பெனிக்கு மின்னஞ்சலில் டாக்டர் கடிதத்தை அனுப்பி, 'இதை என் பாலிசியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கேட்டு, பதில் வாங்கி வையுங்கள்.

பெயரில் நம்மவர்களுக்கு என்றைக்கும் தொல்லை. ஆதாரில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், அம்மாக்களுக்குக் கணவர் பெயர். பாலிசியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தும் இருக்க வேண்டும். பிறந்த தேதியும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருஷம் மாற்றிக் கொடுத்த தலைமுறை அது. உண்மையான பிறந்தநாள் எதுவாக இருந்தாலும், இங்கே பாஸ்போர்ட்டில் உள்ளதுதான்.

பாலிசி வந்ததும் அன்றே திறந்து பாருங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தேதி, நாடு, நீங்கள் சொன்ன நோய்கள். நீங்கள் 'ஆம்' என்று போட்டது அதில் 'இல்லை' என்று வந்திருந்தால் உடனே எழுதித் திருத்தி வாங்குங்கள். விசாவுக்காக முன்கூட்டி எடுத்தவர்கள், விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. கையோடு எடுத்துப் போக வேண்டியவை

பாலிசியின் முதல் பக்கம், டாக்டர் கடிதம், ப்ரிஸ்கிரிப்ஷன், ஸ்டென்ட் அட்டை. இரண்டு நகல் எடுத்து, ஒன்று கைப்பையில், ஒன்று அங்கே பிள்ளை வீட்டில். கம்பெனியின் 24 மணி நேர உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அங்கே ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். பிள்ளை ஆபீஸ் போன நேரத்தில்தான் மயக்கம் வரும்.

மாத்திரையும் இன்சுலினும் கைப்பையில்தான். பெட்டி தொலைந்தால் புடவை வாங்கிக்கொள்ளலாம். இன்சுலின் பெட்டியோடு சரக்குப் பகுதியில் போனால் உறைந்து கெட்டுப்போகவும் கூடும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த மருந்து போன்றவற்றுக்குச் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் கட்டுப்பாடு உண்டு, முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தனுப்பும் மருந்துப் பொட்டலத்தை வாங்கவே வாங்காதீர்கள்.

10. அங்கே உடம்புக்கு முடியாமல் போனால்

ஆபத்து என்றால் முதலில் ஆம்புலன்ஸ். அமெரிக்காவில் 911, சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999, ஐரோப்பாவில் 112. அப்புறம்தான் காப்பீட்டு எண். அமெரிக்காவில் அவசரப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிகள், பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து நிலைமையைச் சீராக்க வேண்டும் என்று 1986 முதல் சட்டம் இருக்கிறது. இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள், பில் பின்னால் வரும்.

ஆபத்து இல்லாத நிலைமை என்றால் வரிசை தலைகீழ். முதலில் உதவி எண்ணுக்குப் பேசி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுப் போங்கள். அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரியில் படுத்தால் கேஷ்லெஸ் கிடைக்கும், அதாவது பில்லைக் கம்பெனியே நேராக ஆஸ்பத்திரிக்குக் கட்டும். அட்மிட் ஆகிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லிவிடுங்கள், பாலிசியில் அதைவிடக் குறைவாக இருந்தால் அதற்குள். பேசும்போது கொடுக்கும் பதிவு எண்ணையும், பேசியவர் பெயர், நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் கேட்பதற்கு நிதானமாகப் பதில் சொல்லுங்கள். பதற்றத்தில், "அவருக்கு ரொம்ப வருஷமா நெஞ்சு வலி" என்று சொன்ன ஒரு அம்மாவைத் தெரியும். அவர் சொல்ல வந்தது நெஞ்செரிச்சல். கேஸ் ஷீட்டில் இதய நோய் என்று ஏறி, அதைத் திருத்த இரண்டு மாதம் ஆனது. தெரியாததை ஊகித்துச் சொல்லாமல் டாக்டர் கடிதத்தை நீட்டிவிட்டால் போதும்.

11. கிளெய்ம் கேட்கும்போது

டிஸ்சார்ஜ் சம்மரி, வரி வரியாகப் பிரித்த பில், பணம் கட்டிய ரசீது, ப்ரிஸ்கிரிப்ஷன், பரிசோதனை முடிவுகள், கிளெய்ம் ஃபார்ம், பாஸ்போர்ட் நகல். மொத்தத் தொகை மட்டும் போட்ட ஒற்றை வரிப் பில்லை ஏற்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே கேட்டு வாங்குங்கள், ஊருக்கு வந்த பிறகு கேட்பது பெரிய அலைச்சல்.

போன தேதிக்கும் வந்த தேதிக்கும் சான்று கேட்பார்கள். சிங்கப்பூர் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, மின்னஞ்சலில் அனுமதிச் சீட்டு அனுப்புகிறது. மகன் மின்னஞ்சலைக் கொடுத்திருந்தால் அது அங்கே கிடக்கும், எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸையும் ராமாயணப் புத்தகத்துக்குள்ளோ எங்கேயோ பத்திரமாக வையுங்கள். சாமான் வரவில்லை என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே, விமானக் கம்பெனி கவுண்டரில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்க வேண்டும்.

நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பாலிசியின் எந்த வரியின்படி என்று குறிப்பிடச் சொல்லுங்கள். இந்தியக் கம்பெனி என்றால் அதன் குறைதீர் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் காரைக்காலுக்கும் அலுவலகம் சென்னையில். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள். கம்பெனியின் முடிவு வந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். அத்தை விஷயத்தில் நான் இதில் எதற்கும் போகவில்லை. 'இல்லை' என்று அழுத்தியது நான் என்று ஃபார்ம் சொல்லும்போது எதைச் சொல்லி வாதாடுவது?

அமெரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு தரம் படுத்தால் பில் ஒரே தவணையில் வராது. ஆஸ்பத்திரி ஒன்று, டாக்டர் ஒன்று, எக்ஸ்ரே பார்த்தவர் ஒன்று, ஆம்புலன்ஸ் ஒன்று என்று மாதக்கணக்கில் மகன் வீட்டு முகவரிக்கு வந்துகொண்டே இருக்கும். அப்பாவும் அம்மாவும் இங்கே வந்து குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருப்பார்கள். பயந்து உடனே கட்டிவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு பில்லையும் பதிவு எண்ணோடு காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்பி, அவர்கள் எவ்வளவு ஏற்கிறார்கள் என்று எழுதி வந்த பிறகு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை பாலிசித் தாள்கள் மஞ்சப்பையிலேயே இருக்கட்டும்.